ஜப்பான் டப்பா

மகள் மேல் இருந்த பிரியத்தில்தான் அந்த டப்பாவை வாங்கினேன் என்று தங்கச்செல்வி பின்னால் பல பேரிடம் சொல்லிப் பார்த்தாள். டாக்டரிடம் சொன்னாள். புருஷனிடம் சொன்னாள். ஒருநாள் மகளிடமே சொன்னாள். பொய்யில்லைதான். ஆனால் அது முழுசாக உண்மையும் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

திருச்சுழியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் அது தொடங்கியது. மகள் பிருந்தா அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். மண்டபத்து மாடி அறையில் அவளுக்கு முதன்முதலாகப் பட்டுச்சேலை கட்டிவிட்டார்கள். கட்டிவிட்டது தங்கச்செல்வியின் புருஷன் சண்முகவேலின் அக்கா சந்தனம்மாள். எம்.ரெட்டியபட்டியில் வாக்கப்பட்டவள், எதையும் சத்தமாகச் சொல்லியே பழகியவள். கொசுவத்தைச் செருகிக்கொண்டே, "ஏத்தா செல்வி, ஒங்க கடையில இருக்குற பருத்திக்கொட்டை மூடைய எல்லாம் மாட்டுக்கு விக்கிறீகளா, இல்ல இவளே தின்னுபுடுறாளா? சேலை சுத்த மாட்டேங்குதே!" என்றாள்.

அறையில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் சிரித்தார்கள். தங்கச்செல்வியும் சிரித்தாள். மதினி ஒரு வார்த்தை சொன்னால் சிரித்து வைப்பதுதான் அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். பிருந்தாவும் சிரித்தாள். பந்தியில் உட்கார்ந்தபோது, எப்போதும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கும் பாயசத்தை அன்றைக்கு முதல் தடவையே வேண்டாம் என்று கையை மறித்தாள். அம்மா அதைக் கவனித்தாள். நல்லதுதான், இப்பவாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

அருப்புக்கோட்டையில் சண்முகவேலுக்கு மாட்டுத்தீவனக் கடை. காலை ஆறு மணிக்குப் போனால் ராத்திரிதான் வருவார். வீடு, மகள், அடுப்படி எல்லாம் தங்கச்செல்வியின் பாடு. மகளை ஒல்லியாக்குவதும் தன் பாடுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். செல்போனில் தேடத் தேட வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன. அதில் ஒருத்தி ஜப்பான்காரர்கள் மதியச் சாப்பாட்டை எப்படிக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று காட்டினாள். தட்டையான டப்பா. உள்ளே சின்னச்சின்ன அறைகள். பாதி காய்கறி, கால்பங்கு சோறு, கால்பங்கு பயறோ முட்டையோ மீனோ, ஓரத்தில் ஒரு துண்டுப் பழம். பெண்டோ என்று பெயர். அப்படிச் சாப்பிடுவதால்தான் அந்த ஊரில் குண்டு மனுஷரே கிடையாது என்றாள் வீடியோக்காரி. தங்கச்செல்வி அன்றைக்கே ஆர்டர் போட்டாள். நாலாம் நாள் கொரியர் வந்தது. பிஸ்தா நிறம், ஐந்து அறை, அழுத்தி மூடினால் டக்கென்று சத்தம் கேட்கும். வீட்டில் அதற்கு ஜப்பான் டப்பா என்றே பெயர் வந்துவிட்டது.

அதுவரை பிருந்தாவின் மதியச் சாப்பாடு என்றால் உயரமான எவர்சில்வர் டிபனில் அடியிலிருந்து கழுத்துவரை புளிச்சோறு, மேலே உருளைக்கிழங்கு. இப்போது விடிகாலையில் எழுந்து தங்கச்செல்வி காய் நறுக்கினாள். பெரிய அறையில் சீனியவரைக்காயும் காரட்டும். பக்கத்தில் குதிரைவாலிச் சோறு, ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. மூன்றாவதில் அவித்த முட்டை, இரண்டாக வெட்டி மஞ்சள்கரு தெரிகிறமாதிரி. நாலாவதில் பாசிப்பயறு சுண்டல். ஓரத்தில் கொய்யாத் துண்டு. ஒன்றின் சாறு இன்னொன்றில் படாமல், நிறத்துக்கு நிறம் பொருத்தமாக அடுக்கி முடித்து, மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுப்பாள். அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சமையலை யாரும் இப்படி மெச்சியதில்லை. தெருவில் இரண்டு பேர் டப்பா எங்கே வாங்கியது என்று கேட்டு வந்தார்கள். அவள் அளவு சொல்லிக் கொடுத்தாள். சொல்லும்போது டீச்சர் மாதிரி இருந்தது.

தீபாவளிக்குள் பிருந்தா பாதி ஆளாக இளைத்துவிட்டாள். சந்தனம்மாள் பலகாரத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்று, "அடியாத்தீ, இது யாரு? கழுத்தெலும்பெல்லாம் தெரியுது, எம்புட்டு லெச்சணமா இருக்கா!" என்று மருமகளின் நாடியைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். தங்கச்செல்விக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று ராத்திரி அவள் கொஞ்சம் அழக்கூடச் செய்தாள். ஏதோ ஒரு பரீட்சையில் பாஸாகிவிட்டது போலிருந்தது.

அதற்குப் பிறகு டப்பாவைப் பிருந்தாவே அடுக்கத் தொடங்கினாள். "நீ தூங்கும்மா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அம்மாவைவிட அழகாக அடுக்கினாள். காரட்டைப் பூவாக வெட்டினாள். வெள்ளரிக்காயைச் சீவி முட்டையைச் சுற்றி வேலிபோல நிறுத்தினாள். அப்பாவுக்கும் ஒரு டப்பா கட்டினாள். அவருக்கு மட்டும் சோறு நிறைய, கறிக்குழம்பு தனியாக. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே அவள்தான் சமைத்தாள். பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ உக்காரு தாயி" என்று அப்பா சொன்னால், "சமைச்ச வாசத்துலயே வயிறு நெறஞ்சிருச்சுப்பா" என்பாள். என் மகள் அடுப்படி வேலையில் கெட்டி என்று சண்முகவேல் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

தங்கச்செல்விக்குத் தெரியாமல் இல்லை. சுடிதாரைப் பிடித்துத் தைக்க மூன்றாவது தடவை கொண்டுபோனபோது டெய்லர், "என்னக்கா, புள்ளைக்கு எதுவும் சொகமில்லையா?" என்று கேட்டார். அவள் கோபப்பட்டுத் துணியை வாங்கிக்கொண்டு வேறு டெய்லரிடம் போனாள். குளியலறைச் சாக்கடையில் கொத்துக்கொத்தாக முடி கிடந்தது. உப்புத் தண்ணி என்று சொல்லிக்கொண்டாள். மகளுக்கு நாள் தள்ளிப் போனது. ஒரு மாதம், இரண்டு மாதம், பிறகு கணக்கே இல்லை. படிப்புச் சுமை என்று சொல்லிக்கொண்டாள். மாசி வெயில் சுள்ளென்று ஏறிய ஒரு மத்தியானம், மின்விசிறியை அணைத்துவிட்டுப் பிருந்தா இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். தங்கச்செல்வி தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கை ஜில்லென்று இருந்தது. மெடிக்கலில் சத்து டானிக் ஒன்று வாங்கி வைத்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

அந்த வாரம் சனிக்கிழமை, ஷர்மிளா பானு வீட்டுக்கு வந்தாள்.

பிருந்தாவின் வகுப்புத் தோழி. வீரசோழனிலிருந்து திருச்சுழி வழியாக இரண்டு பஸ் மாறி வந்து படிக்கிற பெண். பிருந்தா டியூஷன் போயிருந்தாள். அது தெரிந்தேதான் வந்திருக்கிறாள் என்பது அவள் வாசலில் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வெயிலில் வந்த பிள்ளை ஆயிற்றே என்று தங்கச்செல்வி தட்டை எடுத்தாள்.

"வேணாம் ஆன்ட்டி."

"ஏன்? எங்க வீட்டுல சாப்பிட மாட்டியா?"

ஷர்மிளா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒங்க வீட்டுச் சாப்பாட்டத்தான் அஞ்சு மாசமா சாப்பிடுறேன்" என்றாள்.

தங்கச்செல்விக்குப் புரியவில்லை. ஷர்மிளா மெதுவாகச் சொன்னாள். அவளுடைய உம்மா ரசூல் பீவி இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருக்கிறாள். காலையில் வீட்டில் சமைக்க ஆளில்லை. ஷர்மிளா ஒரு பன்னைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். அது தெரிந்த நாளிலிருந்து பிருந்தா தன் டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். தான் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

"நேத்து படியில வச்சு மயங்கி விழுந்துட்டா ஆன்ட்டி. வழுக்கி விழுந்துட்டான்னு டீச்சர்ட்ட என்னையச் சொல்லச் சொன்னா. நானும் சொல்லிட்டேன். ராத்திரி பூரா தூக்கமே வரல. அவ வீட்டுலயும் சாப்பிடலன்னு எனக்குத் தோணுது."

தங்கச்செல்வி கையில் இருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை. "அஞ்சு மாசமா தின்னுட்டு, இப்பத்தான் சொல்ல வந்தியா?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எம்மக பட்டினி கெடந்து சாகுறா, நீ எதுக்க உக்காந்து அவ சோத்தத் தின்னுக்கிட்டு இருந்தியா?"

அந்தப் பெண் அழவில்லை. "பசிச்சுச்சு ஆன்ட்டி" என்றாள். "மொதல்ல எனக்காகத்தான் தாரான்னு நெனச்சேன். பெறகு அப்படி இல்லன்னு தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் சாப்பிட்டேன்." சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று தங்கச்செல்விக்குத் தோன்றியபோது தெருமுனை திரும்பிவிட்டாள்.

சண்முகவேல் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அவருக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. சோறு இருந்தும் ஒரு பிள்ளை ஏன் சாப்பிடாமல் இருக்கும் என்பது அவர் புத்திக்குள் நுழையவே இல்லை. பிருந்தா வந்ததும், "யாரு மேல உள்ள கோவத்துல இந்த வேலை பாக்குற? யாரையும் மனசுல வச்சிருக்கியா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "பெறகு ஏன் திங்க மாட்டேங்குற?" மகளை ஒருநாளும் தொட்டு அடிக்காத மனுஷர், கன்னத்தில் ஒன்று வைத்தார். அவள் சுவரோடு போய்ச் சாய்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு எடையே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை முதல் வீட்டில் அடுப்பு அணையவில்லை. சண்முகவேல் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கிவந்தார். தங்கச்செல்வி நெய் ஊற்றிச் சோற்றைப் பிசைந்து உருட்டி, மகளின் வாயில் வைத்தாள். முகத்தைத் திருப்பினால் நாடியைப் பிடித்துத் திருப்பினாள். அப்பா கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிருந்தா கண்ணீர் வடிய மென்றாள். "போதும்மா, நெஞ்சு அடைக்குது" என்றபோது, "அஞ்சு மாசப் பாக்கி இருக்கு, முழுங்கு" என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை புரோட்டா, சால்னா, அல்வா. திங்கட்கிழமை காலையில் எட்டு இட்லி. ஒவ்வொரு உருண்டை உள்ளே போகும்போதும் தங்கச்செல்விக்கு நெஞ்சு குளிர்ந்தது. எல்லாவற்றையும் மூன்றே நாளில் சரிக்கட்டிவிடலாம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பிருந்தாவின் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்து உட்கார முடியவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். "அம்மா, கை தூக்க வரலம்மா" என்றாள். கண் நிலைகுத்தி நின்றது. பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடினார்கள். காரியாபட்டி தாண்டும்போது அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தங்கச்செல்வி மடியில் கிடந்த தலையைப் பிடித்துக்கொண்டு, "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனாள்.

உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்து, வயதான ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து விசாரித்தார். எத்தனை மாதமாக இப்படி, மாதவிடாய் எப்போது நின்றது, வேறு மருந்து எதுவும் உண்டா. கடைசியாக, "இந்த மூணு நாள்ல என்ன குடுத்தீங்க?" என்றார்.

தங்கச்செல்வி வேகமாகச் சொன்னாள். கறி, நெய்ச்சோறு, முட்டை, அல்வா. ஒன்றும் குறை வைக்கவில்லை என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அம்மா, ரொம்ப நாள் பட்டினி கெடந்த உடம்புக்கு இப்படிக் குடுக்கக் கூடாது. சத்தெல்லாம் வத்திப்போய் இருக்கும். திடீர்னு இவ்வளவு சாப்பாடு உள்ள போனா, ரத்தத்துல மிச்சம் இருக்குற உப்புகளையும் உடம்பு இழுத்துக்கிடும். இதயம் தாங்காது. ஆஸ்பத்திரியில வச்சு, அளவு பாத்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருக்கணும்."

"அப்ப, நாங்க குடுத்ததாலயா?"

டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "ஒங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சு யாரும் செய்ய மாட்டாங்க" என்றார். சண்முகவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கச்செல்வி நின்றுகொண்டே இருந்தாள். வலது கை விரல்களில் நெய் வாசம் இன்னும் போகவில்லை.

பிருந்தா சாகவில்லை. ஆறு நாள் கண்ணாடி அறையில் கிடந்தாள். பிறகு பதிமூன்று நாள் வார்டில். இதயம் பலவீனப்பட்டிருக்கிறது, சரியாக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம், முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்றார்கள். பரீட்சை போனது. மனநல டாக்டர் ஒருவர் தினமும் வந்து அவளோடு தனியாகப் பேசினார். இது பிடிவாதம் இல்லை, வீம்பு இல்லை, ஒரு நோய். இதிலிருந்து வெளியே வருவதற்கு நாளாகும் என்று அப்பா அம்மாவுக்குப் புரியவைத்தார்.

வார்டுக்கு மாற்றிய மறுநாள், அவர் சொன்னபடி தங்கச்செல்வி ஒரு கிண்ணத்தில் கஞ்சியை எடுத்துக்கொண்டு மகளருகே உட்கார்ந்தாள். பிருந்தா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள். உடம்பு நடுங்கத் தொடங்கியது. மானிட்டர் கத்தியது. நர்ஸ் ஓடிவந்தாள்.

சாயங்காலம் டாக்டரை வைத்துக்கொண்டு பிருந்தா பேசினாள். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் திக்கவில்லை. "அம்மா வேணாம். அம்மா கண்ணாலயே என்னைய நிறுக்குது. முன்னாடி ஏன் இம்புட்டுத் திங்கிறன்னு நிறுத்துப் பாத்துச்சு. இப்ப ஏன் திங்கலன்னு நிறுக்குது."

"ஒன் நல்லதுக்குத்தான தாயி செஞ்சேன்" என்றாள் தங்கச்செல்வி. "ஒம்மேல பிரியம் இல்லாமலா?"

"அத்தை சொன்னப்ப நீயும் சிரிச்சியேம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தங்கச்செல்வி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சந்தனம்மாள் பேரில் போட்டிருப்பாள், வீடியோக்காரி பேரில் போட்டிருப்பாள், அந்த வீரசோழன் பெண் பேரில் போட்டிருப்பாள். எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அங்கே யார் யாரோ உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நாளைக்கு அம்மா சாப்பாட்டு விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு வீட்டின் ஒழுங்கே மாறியது. காலையில் சண்முகவேல் கஞ்சி காய்ச்சினார். அடிப்பிடித்தது. துவையல் அரைத்தார், உப்புக் கூடிப்போனது. அதையே மகளுக்கு ஒரு தட்டிலும் தனக்கு ஒரு தட்டிலும் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கடைக்கு வந்தவன் போனவன் கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். பேச்சு சுவாரசியத்தில் அவள் தட்டைப் பார்க்கவே மறந்துபோவார். அப்படி மறந்துபோன நேரங்களில் அவள் ஒரு வாய், இரண்டு வாய் எடுத்தாள். தங்கச்செல்வி அதை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மகள் நிமிர்ந்து அவளைக் கண்டதும் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டாள். அன்று முழுக்க வேறெதுவும் சாப்பிடவில்லை.

அன்று ராத்திரி சண்முகவேல் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மத்தியானம் நீ கடையில இரு செல்வி. நான் வீட்டுக்கு வாரேன்."

"நான் அடுப்படிப் பக்கமே வரல. பின்னாடி ரூம்புல இருந்துக்கிறேனே."

"நீ வீட்டுல இருக்கேன்னு தெரிஞ்சாலே அவளுக்கு எறங்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

பங்குனியிலிருந்து தங்கச்செல்வி கடைக்குப் போகிறாள். பன்னிரண்டரைக்குச் சண்முகவேல் வண்டியை எடுத்தால் இரண்டரைக்கு வருவார். அதுவரை அவள் கல்லாவில் இருப்பாள். தவிடும் புண்ணாக்கும் நிறுத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டாள். தூசிக்கு வந்த தும்மலும் பழகி நின்றது. தனக்கென்று அவள் சாப்பாடு எதுவும் கொண்டுபோவதில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு வடை, ஒரு டீ. நடுவில் ஒருநாள் கடையைத் தாண்டிப் போன திருச்சுழி பஸ்ஸில் ஷர்மிளாவைப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளும் இவளைப் பார்த்தாள். தங்கச்செல்வி கையை உயர்த்தினாள். அந்தப் பெண் பயந்ததுபோல முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

ஆடிக்காற்று தெருப்புழுதியை வாரிக் கடைக்குள் இறைத்த ஒரு மத்தியானம். திருச்சுழிப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் பருத்திக்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சண்முகவேல்.

"சாப்பிட்டா" என்றார்.

தங்கச்செல்வி தராசை விட்டுவிட்டு மூடைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். "எம்புட்டு?"

"அதக் கேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல."

"சரி. கேக்கல."

பின்னணியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ தட்டைக் கழுவுகிறார்கள். மகளாகத்தான் இருக்க வேண்டும்.

"அவகிட்டப் போனக் குடுக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றாள் தங்கச்செல்வி. "கழுவட்டும். நீங்க மெதுவா வாங்க."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த ஆள், "என்னம்மா, வீட்டுல எதுவும் பெரச்சனையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கொட்டையை அள்ளத் தொடங்கினாள்.